மருந்து எடுக்கிறீர்களா?

மூன்றாம் டிவிஷன், லாபிஸ்
18.2.2024

அன்புத் தங்கச்சி தேன்மொழிக்கு,

செல்வராணி அக்கா எழுதுவது. இங்கே உன் மாமா சுகம், வீடு சுகம், கோழிகள் சுகம். நீ தெப்ராவில் ஒரு வேளையாவது சோறு சாப்பிடுகிறாயா, இல்லை மெகி மீயோடுதான் குடித்தனமா என்று உடனே பதில் எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் சண்டை வருகிறது. நீ "வேலையா இருக்கேன்கா" என்று வைத்துவிடுகிறாய். நான் திரும்ப அடித்து, சொல்லாமல் விட்டதையும் சொல்லித் தொலைக்கிறேன். அப்புறம் நீ தைப்பூசத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. கோபம் வந்தாலும் கடைசி வரி வரை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் உன் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்தார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து, நாங்கள் ஸ்டோருக்குப் போய் மருந்து எடுத்து, அடிக்கிற பம்பை முதுகில் ஏற்றுகிற நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் தங்கராஜுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. புதுச் செம்பனையில் புழு விழுந்திருக்கிறது, அன்றைக்கே மருந்து அடித்தாக வேண்டும். ஆனால் மேனேஜரே சரி என்று சொல்லிவிட்டார். வரிசையாக உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். ஒரு நர்ஸ் கேள்வி கேட்டுக் கேட்டு அச்சடித்த பாரத்தில் பதிலை எழுதிக்கொண்டாள். நல்ல பெண், கோயில் அர்ச்சனை மாதிரி தமிழ் வாசித்தாள்.

நீ ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். பெரிய ஆராய்ச்சிக்காரி, லயத்துப் பக்கம் வந்தால் சப்பாத்தில் மண் ஒட்டிவிடும் என்று சொல்லி வைத்தேன். தப்பா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
செல்வராணி


தெப்ராவ்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேன்மொழி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். சோறுதான் சாப்பிடுகிறேன், மெகி மீ சனிக்கிழமை மட்டும். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

சப்பாத்தில் மண் ஒட்டும் என்று சொன்னது தப்புதான் அக்கா. என்னை வர விடவில்லை. என் அக்கா அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று நானே முதலில் எழுதிக் கொடுத்தேன். சொந்தக்காரர் இருக்கிற இடத்தில் நான் கேள்வி கேட்கவோ, யாருடைய ரத்தம் எது என்று தெரிந்துகொள்ளவோ கூடாது. பெயர் இல்லாமல் எண் போட்ட குழாய்கள் வருகின்றன, நான் அளந்து கொடுக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை.

எதை அளக்கிறேன் என்று கேட்பீர்கள். நரம்பு தசையைப் பார்த்து "இழு" என்று சொல்லும். வேலை ஆனதும் அந்தக் கட்டளையை அழிக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது, கோலினெஸ்டரேஸ் என்று பெயர். ரத்தத்திலும் அதை அளக்கலாம். நீங்கள் அடிக்கிற பூச்சிக்கொல்லி அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. புழு சாவது அதனால்தான். மனிதருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கண்ணில் நீர் வடியும், பார்வை மங்கும், கை நடுங்கும், வயிற்றைப் பிசையும். நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த ஆய்வின் அறிக்கையை வைத்துத்தான் கம்பெனி அதே சரக்கைத் தொடர்ந்து அடிப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்யும். இதுவே என் டாக்டர் பட்டத்துக்கும் ஆய்வு. என் பேராசிரியர் ஜெயசங்கர் கெட்டிக்காரர், கறாரான மனிதர். கேள்விகளைத் தமிழில் அவரே எழுதினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தமிழில் ஒரு எழுத்துப் பிசகினாலும் முகம் சுளிப்பார்.

உங்களுக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லையே? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்,
தேன்மொழி


மூன்றாம் டிவிஷன், லாபிஸ்
21.4.2024

தேன்மொழிக்கு,

மாமாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. என்னோடு மருந்து அடிக்கிற மலருக்குத்தான் கொஞ்ச நாளாகக் கண் மங்குகிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்ல வேலை செய்தாய். உங்கள் ஆபிஸிலிருந்து போனில் தகவல் வந்தது. "ஒத்துழைப்புக்கு நன்றி, உங்கள் இரத்த மாதிரி ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை." எனக்கு மட்டும் என்று நினைத்தேன். மருந்து அடிக்கிற எங்கள் கேங்கில் அத்தனை பேருக்கும் அதே தகவல். மலருக்கு, காளியம்மா அக்காவுக்கு, எல்லாருக்கும். பழம் வெட்டுகிறவர்களைச் சேர்த்திருக்கிறீர்கள். ஆபிஸில் ஏர்கோனில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கிராணியைக்கூடச் சேர்த்திருக்கிறீர்கள். மருந்து அடிக்கிறவளுடைய ரத்தம் மட்டும் உங்களுக்கு ஆகாது.

தங்கராஜு பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "என்ன செல்வராணி, ஒந் தங்கச்சி ஒன் ரத்தத்தையே வேணாம்னு வீசிட்டாளாமே லா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

எண் போட்ட குழாய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மறுபடி எழுதாதே. எங்களை வெளியே போட்டது யார், ஏன் என்று மட்டும் எழுது.

செல்வராணி


தெப்ராவ்
28.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்தான், ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. நீங்கள் நலமா? இந்த முறையும் மாமாவின் சுகமும் மலர் அக்காவின் சுகமும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களை நான் நீக்கவில்லை. நீக்கியது யார் என்று பார்க்கப் போனேன், ஒரு மனிதரும் இல்லை, ஒரு விதிதான். சில மருந்துகள் தாமாகவே அந்த நொதியைக் குறைத்துவிடும். ஆகவே வேறு மருந்து எடுப்பவர்களை இந்த ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்திருந்தோம். நீங்கள் எல்லாரும் "மருந்து எடுக்கிறேன்" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். தினமும் எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் குழாய்களைத் திறக்காமலேயே உறைபெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். ஒரு கேங் முழுக்க என்ன மருந்து எடுக்கிறீர்கள்? சர்க்கரையா, பிரஷரா? உங்களுக்கு என்ன வியாதி? எத்தனை வருடமாக? என்னிடம் ஏன் சொல்லவில்லை? எனக்குக் கோபம் வருகிறது அக்கா. ஊருக்கெல்லாம் ரத்தம் அளந்து கொடுக்கிறேன், என் அக்கா எதற்கு மருந்து எடுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

மீதி இருந்தவர்களின் ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. பாதிப்பு இல்லை என்று அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள்.

தேன்மொழி


மூன்றாம் டிவிஷன், லாபிஸ்
5.5.2024

அடி தேன்மொழி,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

உன் கடிதத்தைத் தண்ணீர்ப் பைப்படியில் வைத்து எங்கள் கேங்குக்கு வாசித்துக் காட்டினேன். காளியம்மா அக்கா சிரித்ததில் வெற்றிலை வெளியே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

எங்களுக்கு என்ன வியாதி என்றா கேட்கிறாய்? அந்த நர்ஸ் கேட்டாள்: "நீங்கள் மருந்து எடுக்கிறீர்களா?" ஆமாம் என்றேன். "தினமும் எடுக்கிறீர்களா?" ஆமாம் என்றேன். கதவைத் திறந்து ஸ்டோர் கிராணி தினமும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்? "மருந்து எடுக்க வாங்க" என்றுதானே? நாங்கள் எடுக்காமல் கவர்னரா வந்து எடுப்பார்? மருந்து எடுக்கிறோம், மருந்து கலக்குகிறோம், மருந்து அடிக்கிறோம். உடம்புக்குப் போடுவது மாத்திரை. இல்லாவிட்டால் பனடோல். நம்ம பக்கம் ஒருத்தி மருந்து குடித்தாள் என்றால் காய்ச்சலா என்று யாராவது கேட்பார்களா? அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

தினமும் விஷத்தைக் கையில் எடுக்கிறவள் யார் என்று நீங்களே கேட்டீர்கள். நாங்கள் என்று சொன்னோம். சொன்னதற்காக எங்களையே வெளியே போட்டீர்கள்.

பூச்சிக்கொல்லி என்று எழுதுகிறாய். இங்கே யாராவது அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? நீயும் இந்த லயத்தில்தான் பிறந்தாய். அம்மா மருந்து அடித்துவிட்டு வந்தால் குளிக்கும் முன் கிட்டே போகாதே என்று உன்னைப் பிடித்து வைத்தது நான்தான்.

மலருக்கு இப்போது கையும் நடுங்குகிறது. அதற்கும் பாதிப்பு இல்லை என்று எழுதச் சொல்.

செல்வராணி


தெப்ராவ்
19.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். மலர் அக்காவை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், தயவுசெய்து. கை நடுக்கத்தை விடக் கூடாது.

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விகளை அச்சாகும் முன் நானும் வாசித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

மறுநாளே பேராசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தேன்மொழி, மருந்து எடுக்கிறது எண்டா வருத்தத்துக்கு எடுக்கிறதுதான். எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் கதைக்கிற சொல்லு. அதில என்ன குழப்பம்?" வருத்தம் என்றால் அவர் வீட்டுத் தமிழில் வியாதி.

"தோட்டத்துல அதுக்கு வேற அர்த்தம் சார்," என்றேன்.

"முடிவு வந்த பிறகு விதியை மாத்தினா அது ஆராய்ச்சி இல்லை, எங்கட விருப்பம். அதுவும் உங்கட அக்கா அங்க வேலை செய்யிறா. ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு யோசிச்சனீங்களா?"

அக்கா, அவர் சொன்னதில் பாதி சரி. நமக்கு வேண்டிய முடிவு வரும்வரை விதியை வளைத்துக்கொண்டே போனால் அது பொய்தான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் நான் விதியை மாற்றச் சொல்லவில்லை. கேள்வி போய்ச் சேரவில்லை, திரும்பக் கேளுங்கள் என்கிறேன். இதையும் சொன்னேன். அறிக்கைக்கு நேரமாகிவிட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

ஆராய்ச்சியில் மனிதருக்கு அநியாயம் நடக்காமல் பார்க்க ஒரு குழு இருக்கிறது, அறநெறிக் குழு என்று. அவர்களுக்கு எழுதப் போகிறேன். என் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியர். போடாமல் போகலாம்.

எழுதலாமா? சொல்லுங்கள்.

அன்புடன்,
தேன்மொழி


மூன்றாம் டிவிஷன், லாபிஸ்
14.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பதிலுக்குக் காத்திருந்து நொந்துபோயிருப்பாய். நடுவில் நீ போன் செய்ததும் தெரியும். எடுக்கவில்லை. கையெழுத்து மாமாவுடையது, வார்த்தை என்னுடையது. எனக்கு வேலை நிறைய, உட்கார்ந்து எழுத நேரமில்லை. மாமா சும்மாதான் இருக்கிறார்.

எழுதலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். இத்தனை நாள் அதைத்தான் யோசித்தேன். உன்னைப் படிக்க வைக்க இந்த வீட்டில் யார் யார் என்னென்ன விட்டோம் என்று உனக்குத் தெரியும், அதைச் சொல்லிக் காட்ட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்கா பாவம், மலர் பாவம், தோட்டத்து ஜனங்கள் பாவம் என்று இதைச் செய்வதாக இருந்தால் செய்யாதே. உன் பாவம் பார்ப்பது எங்களுக்கு வேண்டாம். அந்த அறிக்கை பொய் என்று உனக்குத் தெரிந்து, பொய்யில் உன் பெயர் இருக்கக் கூடாது என்று செய்வதாக இருந்தால் செய். அப்போது யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே.

தங்கராஜு நேற்று வீட்டு வாசலுக்கு வந்தான். "தெப்ராவ்ல ஒருத்தி கடுதாசி போட்டுக்கிட்டு இருக்காளாம், மேனேஜர் கேட்டாரு. தோட்டத்து வீட்ல குடியிருக்கோம்ங்கிற ஞாபகம் இருக்கட்டும்," என்றான். "ஞாபகம் இருக்கு. கூரை ஒழுகுதுன்னு மேனேஜர்கிட்ட ஞாபகப்படுத்து," என்று சொல்லி அனுப்பினேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை.

செல்வராணி
(மாமா எழுதியது. நானும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னேன், அவள் எழுத விடவில்லை.)


தெப்ராவ்
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். நான் நலம், தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன்.

அக்கா, உங்கள் பதில் வரும் முன்பே எழுதிவிட்டேன். காத்திருக்கப் பொறுமை இல்லை. பாவம் பார்த்து எழுதவில்லை. அளக்க வேண்டியதை அளக்காமல், ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை குழு கூப்பிட்டது. பெரிய மேசை, அந்தப் பக்கம் எல்லாரும், இந்தப் பக்கம் நான். பேராசிரியரும் வந்திருந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தமிழ் என்ர தாய்மொழி. என்ர கேள்வியில பிழை இல்லை," என்று மட்டும் சொன்னார். நான் சொன்னேன்: "எனக்கும் அதான் சார் தாய்மொழி. உங்க தமிழ்ல பிழை இல்ல. அது எங்க தமிழ் இல்ல, அவ்வளவுதான்."

குழுவில் ஒரு சீன டாக்டர் அம்மா இருந்தார். அவர் பேராசிரியரைப் பார்த்து, அந்தப் பெண்கள் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று போய்க் கேட்டீர்களா என்றார். பேராசிரியர் தன் கேள்வித்தாளை எடுத்து மறுபடி வாசித்தார்.

தீர்ப்பு இதுதான். அறிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும். கேள்வியை உங்களுக்குப் புரிகிற சொல்லில் திரும்பக் கேட்க வேண்டும், சொல்லை நீங்களே சேர்ந்து முடிவு செய்யலாம். சம்மதிக்கிறவர்களிடம் புதிதாகவும் ரத்தம் எடுப்பார்கள், பழைய குழாய்களையும் திறக்கலாம். யாரும் சம்மதிக்காவிட்டால் பழைய அறிக்கையே நிற்கும். மேனேஜர் என்ன சொன்னாலும் ஒருவரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

என் பட்டம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பேராசிரியர் காலையில் வணக்கம் சொன்னால் தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

மாமா, அக்காவுக்கு அப்படி என்ன வேலை? ஒரு பக்கம் எழுத நேரம் இல்லாதவர் இல்லையே அக்கா.

அன்புடன்,
தேன்மொழி


மூன்றாம் டிவிஷன், லாபிஸ்
1.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மாமாவும் கோழிகளும் சுகம். மறுபடி மாமா கையெழுத்துதான், அதைத் துருவாதே.

எல்லாரும் கோயில் கொட்டகையில் உட்கார்ந்து கேள்வி தயாரித்தோம். ஒரு கேள்வி எழுத இவ்வளவு சண்டை வரும் என்று தெரியாது, உன் புரொபசர்மேல் கொஞ்சம் இரக்கமே வந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: "உடம்புக்குன்னு டாக்டர் குடுத்தோ கடையில வாங்கியோ மாத்திரை, தண்ணி மருந்து, ஊசி ஏதாவது போடுறீங்களா? தோட்டத்துல அடிக்கிற மருந்தைக் கேக்கல."

ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை இருக்காது என்று தங்கராஜு காதில் ஓதிக்கொண்டே இருந்தான். மலர் கேட்டாள்: "அப்ப மருந்து நீயா அடிப்ப?" எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். காளியம்மா அக்கா மட்டும் நிஜமாகவே பிரஷர் மாத்திரை போடுகிறார், அதனால் அவரை மறுபடியும் சேர்க்கவில்லை. ரொம்பக் கோபம். இனி மாத்திரையே போட மாட்டேன் என்று நிற்கிறார், நீ ஒரு வார்த்தை எழுது.

ரத்தம் எடுக்க வந்த வேனில் உன் புரொபசரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, குடை. யாரோடும் பேசாமல் செம்பனை நிழலில் நின்றார். அப்போது ஸ்டோர் கதவைத் திறந்துகொண்டு கிராணி வழக்கம்போல் கத்தினார்: "மருந்து எடுக்கிறவங்க எல்லாம் வாங்க!" நாங்கள் எழுந்து போனோம். புரொபசர் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஸ்டோருக்குள் வந்தார். அந்த வாடைக்குக் கண்ணைக் கசக்கினார். ஆனாலும் வெளியே போகவில்லை, நாங்கள் ஊற்றிக் கலக்கி முடிக்கும்வரை நின்றார். போகும்போது என்னிடம் வந்து, "நீங்களோ தேன்மொழியின்ர அக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "கெட்டிக்காரப் பிள்ளை. பிடிவாதம் கூட," என்றார். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

செல்வராணி


தெப்ராவ்
22.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களை நலமாகப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

எல்லாக் குழாய்களையும் அளந்துவிட்டேன். பேராசிரியர் பக்கத்தில் நின்று தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். உங்கள் கேங்கின் நொதி குறைந்திருக்கிறது. பிப்ரவரி ரத்தத்தில் குறைவு, ஆகஸ்ட் ரத்தத்தில் அதைவிடக் குறைவு. பழம் வெட்டுகிறவர்களுக்கும் ஆபிஸ்காரர்களுக்கும் அப்படி இல்லை. இனி ஒருவரும் பாதிப்பு இல்லை என்று எழுத முடியாது. அறிக்கையைப் பேராசிரியரே திருப்பி எழுதுகிறார். முதல் கேள்வி ஏன் தவறாகப் போனது என்று அதில் ஒரு பகுதி வருகிறது. அதை நீயே எழுது என்று என்னிடம் கொடுத்துவிட்டார். பட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா, ஒரு குழாய் மட்டும் மிக மோசம். அந்த எண்ணுக்கு உரியவர் இனி ஒரு நாள்கூட மருந்து அடிக்கக் கூடாது. முறைப்படி ஆய்வு டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுவார். விட்டுவிட்டால் நொதி மெல்ல ஏறிவிடும், பயப்பட வேண்டாம். விடாவிட்டால்தான் பயம்.

அது யாருடைய எண் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. மலர் அக்காவாக இருக்கும் என்று மனம் சொல்கிறது. பிறகு, ஏன் இரண்டு கடிதம் மாமா கையெழுத்தில் வந்தது என்று அதே மனம் கேட்கிறது. நான் எண்ணைக் கேட்கவில்லை. எல்லாக் கடிதத்திலும் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்கிறேன்.

நீங்கள் நலமா?

தேன்மொழி


மூன்றாம் டிவிஷன், லாபிஸ்
13.10.2024

அன்புத் தங்கச்சி தேன்மொழிக்கு,

நான் நலமில்லை.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், போதுமா? இது என் கையெழுத்து. கோணலாகத்தான் இருக்கும், மெதுவாக வாசி. டாக்டர் போன் செய்தது எனக்குத்தான். மலருக்குக் கண் மங்குகிறது, மலருக்குக் கை நடுங்குகிறது என்று எழுதியதெல்லாம் என் கண், என் கை. மலருக்கு என் அளவுக்கு ஒன்றும் இல்லை. அவளை நோயாளி ஆக்கியதற்கு நேற்றுதான் திட்டு வாங்கினேன்.

ஏன் மறைத்தாய் என்று நீ அழுவாய். அழாமல் கேள். மே மாதமே நான் சொல்லியிருந்தால், அக்காவுக்காக இந்தப் பெண் விதியை வளைக்கிறாள் என்று உன் புரொபசர் சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மையாகவும் ஆகியிருக்கும். நீ அந்த மேசை முன்னால் நின்றபோது உன் மனதில் நான் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். வாயைக் கட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

டாக்டர் சொன்னதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உனக்கு நாற்றங்காலில் வேலை தருகிறேன், மருந்து அடிக்க வேண்டாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் பம்பை யார் முதுகில் ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். அதை அவர் பார்த்துக்கொள்வாராம். அன்று சாயங்காலம் கோயில் கொட்டகையில் எல்லாரும் பேசினோம். காளியம்மா அக்காவும் வந்தார், மாத்திரை போட்டுவிட்டு.

நேற்றுக் காலை பெரட்டு முடிந்தது. கிராணி கதவைத் திறந்து கூப்பிட்டார். ஒருத்தியும் நகரவில்லை. தங்கராஜு கத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரக்கை மாற்றட்டும், இல்லை அந்த அறிக்கையை எங்கள் முன்னால் வைத்துப் பேசட்டும், களை பிடுங்கச் சொன்னால் பிடுங்குகிறோம், வெயிலில் நிற்கச் சொன்னால் நிற்கிறோம் என்று மலர் எல்லாருக்காகவும் சொன்னாள். கிராணி படியில் இறங்கி வந்து, எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்து, உங்கள் நர்ஸ் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "என்னம்மா, மருந்து எடுக்கிறீங்களா?"

மலர் "இல்ல" என்றாள். அடுத்தவள் "இல்ல" என்றாள். அப்படியே வரிசையில் வந்தது. நான் கடைசியில் நின்றேன். கை நடுங்கியது, அதை மறைக்கவில்லை. "இல்ல" என்றேன்.

இன்றைக்கும் யாரும் எடுக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. தீபாவளிக்கு வந்துவிடு, முறுக்கு பிழிய என் கை உதவாது. உன் கேள்விப் பாரத்தில் எங்கள் பழைய பதிலை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்.

இப்படிக்கு,
மருந்து எடுக்காத உன் அக்கா,
செல்வராணி